ஹனிபாவின் குரலில் கைவைக்காத கடை

பழைய கேசட்டில் உள்ள பாட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஏற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிற கடை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கிற முனையில் நாகூர் தர்கா இருக்கிறதல்லவா, அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே மசாலா சாமான் கடை. படியேறும்போதே மல்லி வறுக்கிற வாசம் கூடவே வரும்.

கடைக்காரத் தம்பி தன் பெயரையும் ஃபோன் நம்பரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒற்றை ஆள். ரேடியோ, ஆம்பிளிஃபயர் ரிப்பேர்தான் பிழைப்பு. கேசட் வேலையை இடையிடையே செய்கிறார். கூட்டம் சேர்ந்தால் வேலையின் தரம் கெட்டுவிடும் என்கிறார். லிட்டல் இந்தியா பக்கம் போய் "மாடியில ரேடியோ ரிப்பேர் பார்க்கிறாரே, அந்தத் தம்பி" என்று கேட்டால் கை காட்டுவார்கள். அது போதும்.

நான் கொண்டுபோனது முழுக்க இஸ்லாமியப் பாட்டுகளுக்குப் பெயர்போன பாடகர் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கேசட்டுகள். ஒரு பெரிய மைலோ டின் நிறைய. என் அப்பா வாங்கியது பாதி, நான் சம்பாதிக்க ஆரம்பித்தபின் வாங்கியது பாதி. 2025 டிசம்பர் 25-இல் ஹனிபா ஐயா பிறந்து நூறு ஆண்டு நிறைந்தது. அந்த நாளுக்குள் எல்லாவற்றையும் கேட்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன்.

எங்கள் வீடு மாரியம்மனும் முருகனும் இருக்கிற வீடு. சாமி மேடைக்குப் பக்கத்திலேயே டேப் ரிக்கார்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுவிட்டு, கையேந்தச் சொல்கிற அந்தப் பாட்டைப் போடுவார். எந்தப் பாட்டு என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டு ஆமினா பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைம்மா" என்பார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அண்ணாவின் பேச்சென்றால் உயிர். அவருக்கு ஹனிபா கழக மேடையில் பாடியவர். பாட்டாலேயே கூட்டம் சேர்த்தவர். அம்மாவுக்கு அவர் இறைவனைப் பாடியவர். எனக்கு இரண்டும்தான். அதற்கு மேல், அந்தத் தொண்டை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று பெயர் வாங்கிய குரல் அது. மேல்ஸ்தாயியில் ஏறும்போது நடுங்காது, மெலியாது, கெஞ்சாது. சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம்தான். 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியிருப்பார். டி.எம்.எஸ். பக்கத்தில் நின்று, அவருக்குச் சமமாகக் குரல் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இரவு ஷிப்டு முடிந்து வருகிற காலையில் எனக்குத் தூக்கம் வராது. ஹனிபாவைப் போட்டுவிட்டுத்தான் சமையலறைக்குள் போவேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர், "நீ கும்பிடுறது ஒண்ணு, கேக்குறது ஒண்ணா இருக்கே" என்றார். ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள் என்றேன். பிறகு அவரே பினாங்கு பாசாரில் தேடித் தேடிக் கேசட் வாங்கி வர ஆரம்பித்தார். 2015 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னையில் ஐயா காலமானார் என்று செய்தி வந்த அன்று, இவர்தான் எனக்கு முன்னால் அழுதார். ஒருமுறை தமிழ்நாடு போனபோது வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சேர்த்தே போனோம். தர்காவில் துஆ ஓதச் சொல்லிச் சர்க்கரை கொடுத்துவிட்டு, ஐயா வாழ்ந்த தெருப்பக்கம் வெயிலில் நடந்தோம். நான் கேட்டதெல்லாம் அந்தத் தெருக்களில் நடக்க வேண்டும் என்பதுதான்.

இப்போது வேலைக்கு வருகிறேன்.

தம்பி டின்னைத் திறந்ததும் எதையும் மெஷினில் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகச் சுருளின் விளிம்பு தெரியுமே, அங்கே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது சகஜம் என்றார். அப்படியே ஓட்டினால் பொடி, நாடாவில் பதிந்ததைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், நாடா கசங்கும், அடுத்து போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். அதனால் பூத்தவற்றைத் தனியாக ஒதுக்கினார். எழுபது, எண்பதுகளின் கேசட்டுகளில் பலவற்றின் பிளாஸ்டிக் ஓட்டில் மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாகத் திருகாணி இருக்கும், கழற்றிவிடலாம். சிலவற்றில் திருகாணியே இல்லை, ஒட்டியே விட்டிருப்பார்கள். அவற்றைக் கத்தி முனையால் மெதுவாக நெம்பிப் பிளந்து, உள்ளே இருந்த சுருளை வேறு ஓட்டுக்கு மாற்றினார். என் கண்ணெதிரே ஒன்றைச் செய்து காட்டினார். நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அதை விரல் நுனி படாமல் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, புது ஓட்டின் உருளைகளில் சுற்றி வைத்தார். ஹெட்டுக்கு நேரே நாடாவை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். பழைய கேசட்டில் அது பசை காய்ந்து விழுந்து கிடந்தது. "இது விழுந்தா பாட்டு மங்கலா கேக்கும்கா. நாடா கெட்டுப்போச்சுன்னு நினைச்சு எத்தனை பேர் தூக்கிப் போட்டிருக்காங்க தெரியுமா" என்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இந்தக் கடைமேல் நம்பிக்கை வரக் காரணம். கேசட்டை ஓடவிட்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரை டெக்கின் வாய்க்குள் நுழைத்து, ஹெட்டின் பக்கத்தில் இருக்கிற திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினார். ஒவ்வொரு கேசட்டும் வெவ்வேறு மெஷினில் பதிவானது. பதிந்த மெஷினின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் இந்த ஹெட்டையும் நிறுத்தினால்தான் குரலின் மேல்பகுதி முழுதாக வரும். திருப்பத் திருப்ப ஒரு இடத்தில் ஐயாவின் குரல் பளிச்சென்று திறந்துகொண்டது. 'ச'வும் 'ஷ'வும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. ஹார்மோனியத்தின் காற்று கேட்டது. தபலாவின் அடி விரல் விரலாகக் கேட்டது. என் கையில் அத்தனை வருஷம் இருந்த கேசட்டில் இதெல்லாம் இருந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. தம்பி கவனிக்காத மாதிரி திரும்பிக்கொண்டு, "பசியாறிட்டீங்களாக்கா? கீழே தே தாரிக் சொல்லவா?" என்றார்.

இவரிடம் வருவதற்கு முன்னால் கோலாலம்பூரில் ஓர் இடத்தில் இரண்டு கேசட்டைக் கொடுத்துப் பார்த்திருந்தேன். அழகான கடை, ரசீதெல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்து கேட்டால் இரைச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் கூடவே குரலும் போயிருந்தது. ஐயா தண்ணீருக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஏற்றும்போதே கம்ப்யூட்டரில் எல்லாக் கேசட்டுக்கும் ஒரே அளவில் இரைச்சல் நீக்கிப் போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, "பழைய பதிவு அப்படித்தான் ஆன்ட்டி இருக்கும்" என்று பதில். பழைய பதிவு அப்படி இருக்காது என்பது இந்த மாடியில் நிரூபணமாயிற்று. கேசட்டின் 'உஸ்' என்ற இரைச்சலும், ஹனிபாவின் குரலில் இருக்கிற அந்தக் கூர்மையும் பெரும்பாலும் ஒரே அலைவரிசைப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று தம்பி திரையில் காட்டினார். ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். அதனால் அவர் இரைச்சலை அப்படியே விட்டுவிடுகிறார். மின்சார ரீங்காரம் மட்டும் இருந்தால் எடுப்பார், அதையும் கேட்டுவிட்டுத்தான். எனக்கு இந்தக் கொள்கை முழுச் சம்மதம். மென்மையான பாடகராக இருந்தால் ஒருவேளை வேறு மாதிரி யோசிக்கலாம். ஹனிபா குரலில் ஒரு ஓரத்தைச் சீவினால்கூட அது ஹனிபா இல்லை.

அந்த டின்னில் ஒரு கேசட் விலைக்கு வாங்கியது அல்ல. எழுபதுகளின் கடைசியில் ஐயா பினாங்குக்கு வந்து ஒரு திடலில் கச்சேரி செய்தபோது என் அப்பா பதிவு செய்தது. எனக்கு அப்போது சின்ன வயது, அப்பாவின் தோளில் சாய்ந்து பாதிக் கச்சேரி தூங்கிவிட்டேன். ஆறு பெரிய பேட்டரி போடுகிற ரிக்கார்டரை மடியில் வைத்து, மைக்கைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார். அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்.

இந்த ஒரு கேசட்டுக்குத் தம்பி எடுத்துக்கொண்ட பாடு பெரிது. ஓடவிட்டதும் அவரே கண்டுபிடித்தார். இரண்டாம் பக்கம் போகப் போக ஐயாவின் சுருதி ஏறிக்கொண்டே போகிறது, குரல் மெலிந்து, பாட்டின் வேகமும் கூடுகிறது. அங்கே அவர் அப்படிப் பாடவில்லை. பேட்டரி தீரத் தீர அப்பாவின் ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடி பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே போகத்தான் செய்யும். அதை எதை வைத்துச் சரிசெய்வது? "ஹார்மோனியம்கா" என்றார். பாடுகிறவர் சுருதியை மாற்றலாம். ஹார்மோனியத்தின் ரீடு கச்சேரி முழுக்க ஒரே சுருதியில்தான் நிற்கும். முதல் பக்கத்தின் தொடக்கத்தில், பேட்டரி புதிதாக இருந்தபோது பதிந்த ஹார்மோனியச் சுரத்தை அளவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிப் பாடினாரா, இல்லை இயந்திரம் மாற்றியதா என்று சந்தேகம் வந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பாட்டை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து சரிபார்த்தோம். இந்த வேலைக்கு அவர் தனியாகப் பணம் கேட்கவில்லை. நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் அவர்தான் சொல்லிக் காட்டினார். ஐயா ஓங்கி எடுக்கிற ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிரண்டு விநாடிக்கு முன்னாலேயே, அமைதியில், அதே வரி மிக மெல்லியதாக ஒருமுறை கேட்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக நாடா சுற்றிக் கிடந்ததில், ஒரு சுற்றில் இருந்த சத்தம் அடுத்த சுற்றின்மேல் படிந்துவிட்டதாம். தணிந்த குரலில் பாடுகிறவர்களின் கேசட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. இவர் எடுக்கிற எடுப்புக்கு அச்சு விழுந்துவிடுகிறது. எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

முதல் பக்கம் ஒரு பாட்டின் நடுவில் முடிகிறது. ஒரு சரணத்தின் முதல் அடிதான் தொடங்கியிருப்பார், 'டக்'கென்று நின்றுவிடும். அப்பா கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் அந்தச் சரணம் போய்விட்டது. என் மகன், இசைத்தட்டில் உள்ள அதே சரணத்தை எடுத்து அங்கே ஒட்டிவிடலாமே என்றான். இப்போது அதெல்லாம் சுலபமாம். தம்பியிடம் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "இது அந்த ராத்திரி, அந்தத் திடல். ஸ்டூடியோவில பாடினதை நடுவில வச்சா யாராவது பின்னால கேட்டு, ஐயா இங்கேயும் அதே மாதிரி பாடினார்னு நம்பிடுவாங்க. விட்டுப்போனது விட்டுப்போனதாவே இருக்கட்டும்கா." வெட்டின இடத்தில் எதையும் சேர்க்கவில்லை. இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாகவே கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் நியாயம். அந்த இடைவெளிக்கு அப்புறம், இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில், அப்பா தொண்டையைச் செருமுவது கேட்கிறது. யாரோ ஒரு பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்கிறது. பிறகு ஹார்மோனியம்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. நூற்றாண்டு நாளுக்கு முந்தின வாரம்வரை நான் படியேறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் செய்கிற வேலை, அவசரப்படுத்தினால் கெடும் என்று தெரியும், ஆனாலும் தேதியைச் சொல்லும்போதே தாராளமாகச் சொல்லியிருக்கலாம். கோப்புகளுக்கு 'பக்கம் ஒன்று', 'பக்கம் இரண்டு' என்று மட்டும் பெயர் வைத்துக் கொடுக்கிறார். பாட்டுப் பாட்டாகப் பிரிப்பதும், கேசட் அட்டையில் உள்ள விவரத்தை எழுதிச் சேர்ப்பதும் நம் வேலை. வயதானவர்களுக்கு மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். கார்டு வாங்குவதில்லை, ரொக்கம்தான். அறுபது நிமிடக் கேசட்டுக்கு என்னிடம் 30 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். பூஞ்சை துடைத்து ஓடு மாற்றினால் மேலே 15 வெள்ளி. பெரிய கடைகளில் இதைவிடக் குறைவாகவே கேட்பார்கள். விலை குறைவு என்று கண்ட இடத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் கிடக்கிற கேசட்டை, "ஓடுதான்னு பார்ப்போம்" என்று வீட்டில் இருக்கிற பழைய ரேடியோவில் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை இருந்தால் அந்த ஒரு ஓட்டத்திலேயே நாடா சிக்கிப் போகும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் இன்னும் கவனம் வேண்டும், அதன் நாடா அறுபது நிமிடக் கேசட்டில் இருப்பதைவிட மெல்லியது, சீக்கிரம் இழுபடும். எம்பி3 மட்டும் போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், சுருக்காத முழுக் கோப்பையும் கேளுங்கள். தம்பி கேட்காமலே கொடுப்பார், ஆனால் நாம் கொண்டுபோகிற பென்டிரைவில் இடம் இருக்க வேண்டும். மாற்றியான பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடக் கூடாது. நான் என்னுடையதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 25 அன்று சாயங்காலம் வீட்டில் அந்தத் திடல் கச்சேரியை முழுதாகப் போட்டோம். பக்கத்து வீட்டு ஆமினா பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நெய்ச்சோறும் தால்சாவும் அவர்கள் கொண்டுவந்தது, பாயசம் நான் வைத்தது. தமிழ் சரியாகப் பேச வராத ஒரு பேரன், பத்து வயதிருக்கும், முதல் பாட்டு முடிந்ததும் "மைக்கை எவ்வளவு கிட்ட வச்சுப் பாடுறாரு?" என்று கேட்டான். அது என் அப்பா கையில் இருந்த மைக், ஐயா தூரத்தில் மேடையில் இருந்தார் என்று சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னான்.

ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்று ஐயா பாடியதை உங்கள் வீட்டில் யாராவது பதிவு செய்து வைத்திருக்கலாம். பரணில், தகரப் பெட்டியில், தையல் மெஷின் இழுப்பறையில் தேடிப் பாருங்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் ஸ்டூடியோப் பாட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். கூட்டத்தில் பாடியதைக் காப்பாற்றுவது கேட்டவர்கள் வீட்டுக் கேசட்டுகள்தான்.

கடை காலை பத்து மணிக்கு மேல் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள். ஞாயிறு விடுமுறை. டின்னில் கழகப் பாட்டுக் கேசட்டுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தைப்பூச நெரிசல் ஓய்ந்ததும் அவற்றைத் தூக்கிக்கொண்டு நானும் படியேறப் போகிறேன்.